தாய்மாமன் (அமெரிக்கா)

ஏட்டு சோலைச்சாமியின் அமெரிக்க மருமகளைச் சுந்தரபாண்டியம் ஊர் முதன்முதலில் பார்த்தது பஸ் ஸ்டாப்பில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில்தான். பொன்னிறத் தலைமுடி, பூனைக்கண், பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு. கீழே "கடல் கடந்து வரும் எங்கள் குலவிளக்கே வருக" என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஓரத்தில் சோலைச்சாமி கூலிங்கிளாஸோடு கைகூப்பிக்கொண்டிருந்தார். மகன் பாண்டிச்செல்வம் போனில், கல்யாணம் ஆகிவிட்டது, கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். போட்டோ அனுப்பவில்லை. அனுப்பாவிட்டால் என்ன? அமெரிக்காக்காரி எப்படி இருப்பாள் என்று சோலைச்சாமிக்குத் தெரியாதா? காலமெல்லாம் போலீஸில் இருந்து, ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்ட மனுஷர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஃப்ளெக்ஸ் கடை விமல் கம்ப்யூட்டரில் காட்டிய வெள்ளைக்காரிகளில், கொஞ்சம் அடக்கமாகச் சட்டை போட்டிருந்தவளாகப் பார்த்து அவரே பொறுக்கி எடுத்தார்.

மதுரையிலிருந்து கார் வந்து நின்றது. பாண்டிச்செல்வம் இறங்கினான். அவன் பின்னாலேயே ஒரு பெண் இறங்கினாள். குட்டை உருவம், அகன்ற கன்னம், வெயிலில் வேலை செய்து இறுகிய கை, இடுப்பு வரை தொங்குகிற கருகரு பின்னல். வத்திராயிருப்புச் சந்தையில் நின்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற மாமியார் அங்காளம்மாள், அவளைத் தாண்டிக் காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணு எங்கலே? பின்னால வண்டியில வருதா?"

"இதாம்மா பொண்ணு."

அங்காளம்மாள் தட்டைச் சுற்றினாள். எழவு வீட்டுக்கு வந்தவள் போலச் சுற்றினாள். கூடியிருந்த கூட்டத்தில் யாரோ, "அமெரிக்காக்காரின்னாவ, நம்ம கான்சாபுரத்துக்காரி மாதிரில்லா இருக்கா" என்று சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் சோலைச்சாமி ஃப்ளெக்ஸை அவிழ்த்து மாட்டுத் தொழுவத்துக் கூரையில் போட்டுவிட்டார். அந்த வெள்ளைக்காரி சாயம் போகிற வரைக்கும் மாடுகளுக்கு மேலே படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வந்தவளின் பெயர் மரிசேலா. அந்தப் பெயர் வாயில் நுழையாத பெயர் ஒன்றும் இல்லை. இவர்கள் நுழைய விடவில்லை. ஒரு வாரத்தில் மாரிசெல்வி ஆக்கிவிட்டார்கள். அவளுக்கு அதில் பெரிய வருத்தம் கிடையாது. கலிபோர்னியாவில் பள்ளிக்கூடத்து டீச்சரும் தனக்கு வசதியாக அவளை மேரி ஆக்கியிருந்தாள். ஊரார் பெயரை மாற்றுவதும் தான் திரும்பிப் பார்ப்பதும் அவளுக்குப் பழகிப்போனதுதான்.

ஊருக்கு அவள் அமெரிக்காக்காரி. அமெரிக்காவுக்கு அவள் மெக்சிகோக்காரி. மெக்சிகோவுக்கோ அவள் யாரென்றே தெரியாது. உருவாப்பான் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மலையடிவாரக் கிராமத்தில் பிறந்தவள், நாலு வயதில் அம்மாவின் முதுகில் சால்வையால் கட்டப்பட்டு, பாலைவனம் தாண்டி அமெரிக்காவுக்குள் போனாள். அண்ணன் ரமீரோவுக்கு அப்போது ஒன்பது வயது. தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தான். அதற்குப் பிறகு திராட்சைத் தோட்டம், பாதாம் தோட்டம், மறுபடி திராட்சைத் தோட்டம். அம்மா வீட்டு வேலைக்குப் போன இடங்களிலெல்லாம் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். சாப்பாட்டைக் கொல்லைப் படியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்த ஊர்ச் சனங்கள் ரமீரோ பறித்த திராட்சையை வாயில் போட்டுக்கொண்டே, இந்த ஆட்களையெல்லாம் எப்போது விரட்டப் போகிறீர்கள் என்று டிவியைப் பார்த்துக் கேட்டார்கள். அவர்களுக்குக் கூச்சமே கிடையாது. கூச்சம் என்பது பின்வாசல்காரர்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட வரி போலிருக்கிறது.

பாண்டிச்செல்வத்தை அவள் பார்த்ததும் ஒரு பின்வாசலில்தான். ஊரில் சோலைச்சாமி "மகன் சாப்ட்வேர்ல இருக்கான்" என்று சொல்லித் திரிந்த அந்த வருஷங்களில், மகன் ஓர் இந்திய ஹோட்டலின் அடுப்படியில் கோழி வெட்டிக்கொண்டிருந்தான். சுற்றிப் பார்க்க என்று விசா வாங்கிப் போனவன், நாள் முடிந்தும் திரும்பவில்லை. முதலாளி நம்ம நாட்டுக்காரர்தான். அவனுக்குப் பேப்பர் இல்லை என்று தெரிந்ததும் சம்பளத்தைப் பாதியாக்கி, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் படுக்க இடம் கொடுத்த புண்ணியவான். அந்த ஹோட்டலில் சாயங்காலம் பாத்திரம் கழுவ வந்தவன் ரமீரோ. பாண்டிச்செல்வம் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது தூக்கித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனதும் ரமீரோதான். அங்கே மரிசேலாவின் அம்மா அவனுக்குக் கஞ்சி கொடுத்தாள். மூன்று மாசம் அந்த வீட்டில் உட்கார்ந்து தின்றான். நாலாம் மாசம் அந்த வீட்டுப் பெண்ணையே கேட்டான்.

கல்யாணம் ஆன கொஞ்ச நாளில், ரோட்டில் காரை நிறுத்திய போலீஸிடம் மாட்டினான். கையிலும் காலிலும் சங்கிலி போட்டுக் கொண்டுபோய் அடைத்தார்கள். நீயாகவே போய்விடுகிறேன் என்று எழுதிக் கொடு, விட்டுவிடுகிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தான். விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்ததும் ரமீரோ. மரிசேலா புருஷனோடு கிளம்பினாள். அவளுக்கும் பேப்பர் கிடையாது; வாசலைத் தாண்டினால் திரும்ப வர முடியாது என்று தெரிந்தே கிளம்பினாள். அம்மா செத்தபோது சுந்தரபாண்டியத்தில் உட்கார்ந்து செல்போனில்தான் முகத்தைப் பார்த்தாள். அண்ணன்தான் கொள்ளி வைக்கிற இடத்தில் நின்றான்.

இதையெல்லாம் சோலைச்சாமி சொல்லக் கேட்க வேண்டும். "கம்பெனிக்காரன் கையப் புடிச்சுக் கெஞ்சியிருக்கான். போவாத பாண்டி, ஒன்ன விட்டா எனக்கு யாருலே இருக்கான்னு. எம்மவன் கேக்கலையே. அப்பா அங்க தனியா இருக்காவன்னு அம்புட்டு சம்பளத்தையும் தூக்கி எறிஞ்சிட்டு வந்துட்டான்." அப்பா தனியாக இருந்தார், பக்கத்தில் அம்மா இருந்தாளே என்று யாரும் கேட்கவில்லை. சாப்ட்வேரை எறிந்துவிட்டு வந்தவன் குட்டியானை வண்டி வாங்கி மாங்காயும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஓட்டுகிறானே, ஏன் என்றும் யாரும் கேட்கவில்லை. ஏட்டு ஐயாவிடம் யார் கேட்பது?

பதினாலு வருஷத்தில் மாரிசெல்வி ஊர்ப் பேச்சைக் கரைத்துக் குடித்துவிட்டாள். மகாராஜபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த குடும்ப நிலத்தை அவள்தான் பார்த்தாள். களை எடுக்கிற பெண்களோடு தானும் இறங்கிக் களை எடுத்தாள். அது மாமனாருக்குக் கௌரவக் குறைச்சல். மக்காச்சோளத்தை வேகவைத்து அரைத்து அவள் ரொட்டி தட்டினால் மாமியாருக்குக் குமட்டல். "கோழித் தீவனத்தப் போயி திங்கியேட்டி" என்பாள் அங்காளம்மாள். ஊர் முழுக்க மக்காச்சோளத்தை விளைவித்து லாரி லாரியாகக் கோழிப்பண்ணைக்கு ஏற்றுகிற சனம், அதை மனுஷி தின்கிறாள் என்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டது. அவளுடைய மகள் லூபிகாஸ்ரீ மட்டும் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்பாள். அந்தப் பெயரின் முன்பாதி மாரிசெல்வி கும்பிடுகிற மெக்சிகோ மாதாவின் பெயர். இந்தக் காலத்தில் ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான் காவும் ஸ்ரீயும் போட்டுப் பெயர் வைக்கிறார்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சோலைச்சாமிக்கு ரிட்டயர் ஆன பிறகு செல்போன்தான் ஸ்டேஷன். காலையில் எழுந்ததும், பேப்பர் இல்லாமல் வருகிறவனை எந்த நாடு எப்படி விரட்டுகிறது என்கிற வீடியோக்களை ஊருக்கெல்லாம் அனுப்புவார். டீக்கடையில் உட்கார்ந்து, "அமெரிக்காக்காரன்தாம்லே ஆம்பள. பேப்பர் இல்லையா, சங்கிலியப் போடு, பிளேன்ல ஏத்து. இங்கயும் இருக்கே, ராஜபாளையம் மில்லுல பூராம் வடக்கத்திப் பயலுவ, கேக்க ஆளு உண்டா?" என்பார். வீட்டுக்கு வந்து அதே பேச்சைத் தொடர்வார். மாரிசெல்வி அவர் தட்டில் தோசை வைப்பாள். பாண்டிச்செல்வம் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். கேட்க வேண்டிய கேள்வி அவள் நாக்கு நுனியில் இருந்தது. வருஷக்கணக்காக அங்கேயேதான் இருந்தது.

போன ஆடி மாசம் ரமீரோவைப் பிடித்தார்கள். இரும்புக்கடை வாசலில் கூலி வேலைக்கு நின்றவனை முகமூடி போட்ட ஆட்கள் வந்து அமுக்கி, சில வாரத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். உன் நாட்டுக்குப் போ என்றார்களாம். ஒன்பது வயதில் விட்டு வந்த ஊர், தலை நரைத்த பிறகு நாடாகிவிட்டது. உருவாப்பானில் ஒரு சித்தி வீட்டிலிருந்து போன் செய்தான்.

"இனி நான் எங்கே வேண்டுமானாலும் போகலாம், மரி" என்றான் அவர்கள் பாஷையில். "வெளியே போனால் திரும்ப முடியாது என்றுதானே இத்தனை காலம் பயந்தேன். இப்போது திரும்ப இடமே இல்லை. பயமும் இல்லை."

கார்த்திகையில் லூபிகா பெரிய மனுஷி ஆனாள். தை கடைசி முகூர்த்தத்தில் சடங்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய மண்டபம் என்று சோலைச்சாமி முடிவு செய்தார். சடங்கென்றால் தாய்மாமன் வேண்டும். அவன் கொண்டுவருகிற சேலையைக் கட்டித்தான் பெண் சபைக்கு வருவாள், முதல் மாலை அவன் கையால்தான் விழும். அப்பன் இல்லாமல்கூடச் சடங்கு நடக்கும், தாய்மாமன் இல்லாமல் நடக்காது. மாரிசெல்வி அண்ணனிடம் சொன்னாள். அவன் கலிபோர்னியாவில் நிறுத்தியிருந்த பழைய வண்டியைக் கூட்டாளியை விட்டு விற்று டிக்கெட் போட்டான். பதினாலு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

சோலைச்சாமிக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு மருமகளைக் கூப்பிட்டார்.

"ஒங்கண்ணன் வரட்டும்த்தா. நான் வேண்டாங்கல. வந்து வயிறார சாப்புட்டுட்டுப் போவட்டும். யாருன்னு மட்டும் சொல்லிக்கிட வேண்டாம்."

"தாய்மாமன யாருன்னு சொல்லாம எப்படி மாமா?"

"அதுக்குத்தான் நம்ம அழகுராஜா நிக்கேன்னு சொல்லியிருக்காரு. ராஜபாளையத்துல அவியளத் தெரியாத ஆளு கெடையாது. கட்சியில எம்புட்டு செல்வாக்கு! அவிய மேடையில நின்னா நம்ம குடும்பத்துக்குல்லா பெரும. அமெரிக்கா மாமனுக்கு ஆபீஸ்ல லீவு கெடைக்கல, அவரு சார்பா இவிய நிக்காவன்னு சொல்லிருவோம்."

"எங்கண்ணன் வாராருன்னு நெசம் இருக்கையில, வரலன்னு எதுக்கு மாமா சொல்லணும்?"

"வெரட்டி விட்ட பயல மேடையேத்துனா ஊரு என்ன சொல்லும்? நான் ஏட்டா இருந்தவன். பேப்பர் இல்லாதவனுக்கு எங்கயும் மரியாத கெடையாது, தெரிஞ்சுக்கோ."

மாரிசெல்வி புருஷனைப் பார்த்தாள். அவன் வண்டிச் சாவியைத் தேடுகிறவன் போலச் சட்டைப்பையைத் தடவினான். சாவி அவன் கையிலேயே இருந்தது.

"எங்கண்ணன் குடுக்க துணியத்தான் எம்பொண்ணு கட்டுவா" என்றாள் அவள். அவர் அதைப் பெண்பிள்ளையின் வீம்பு என்று எடுத்துக்கொண்டு வெற்றிலையை மடித்தார்.

சடங்கன்று மண்டப வாசலில் காரை விட்டு இறங்கியதும் லூபிகா அம்மாவின் கையை இழுத்தாள். வாசலில் ஆள் உயரத்தைத் தாண்டிய ஃப்ளெக்ஸ். நடுவில் லூபிகா, ஒரு பக்கம் தாத்தா, அதே கூலிங்கிளாஸ். இன்னொரு பக்கம் கோட்டு சூட்டில் நீலக்கண் வெள்ளைக்காரன் ஒருவன், பல் டாக்டர் விளம்பரத்தில் வருகிற மாதிரி. அவன் காலடியில் "தாய்மாமன் (அமெரிக்கா)" என்று எழுதியிருந்தது. முதல் தடவை தெரியாமல் செய்தார்கள் என்றாவது சொல்லலாம். இந்தத் தடவை எல்லாம் தெரிந்தே, விமல் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு செய்த காரியம் இது.

"யாரும்மா அது?"

"ஒங்க தாத்தாவுக்குத்தான் தெரியும்" என்றாள் மாரிசெல்வி.

மதுரை ஏர்போர்ட்டுக்குப் பாண்டிச்செல்வம் குட்டியானையோடு போயிருந்தான். வருகிற வழியில் அப்பன் போன் செய்து, பின்னால கேட் வழியாக் கொண்டா என்றார். ஏன் என்று கேட்கவில்லை, சரிப்பா என்றான். தன்னைத் தூக்கிச் சுமந்தவனை, மண்டபத்துச் சமையல்கட்டுப் பக்கம் இறக்கிவிட்டு, பெட்டியை வண்டியிலேயே வைக்கச் சொல்லி, செத்த நேரம் இங்கேயே நில்லு என்று சைகை காட்டிவிட்டு முன்பக்கம் நழுவினான். பாண்டிச்செல்வம் கெட்டவன் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். இல்லைதான். கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும்.

சமையல் மாஸ்டர் சோலைராஜுக்கு அன்றைக்குப் பரிமாற ஆள் பத்தவில்லை. முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. திரும்பினால், கறுத்துத் தடித்த ஓர் ஆள், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு சுவரோரம் சும்மா நிற்கிறான்.

"ஏலே, என்ன வேடிக்க பாக்க? வாளியத் தூக்குலே!"

ரமீரோவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் கையில் திணித்த சாம்பார் வாளியும் கரண்டியும் எந்தப் பாஷையிலும் புரிகிற சமாசாரம். அவர்கள் ஊரிலும் பெண்ணுக்குப் பதினைந்து வயது ஆகும்போது விருந்து வைப்பார்கள், சொந்தக்காரர்கள்தான் பரிமாறுவார்கள். மாமன் என்றால் இங்கே இதுதான் முதல் மரியாதை போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். சட்டைக் கையை மடித்துவிட்டு, சந்தோஷமாகப் பந்திக்குள் போனான்.

மேலே மேடையில் சோலைச்சாமி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அழகுராஜா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, கேமரா எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகத் திரும்பித் திரும்பி நின்றார். பாண்டிச்செல்வம் தனியாக ஏறி வருவதை மாரிசெல்வி பார்த்தாள்.

"அண்ணன் எங்க?"

"வந்துட்டாரு. கீழ... பந்தியில இருக்காரு."

அவன் குரலில் என்னவோ சரியில்லை. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கினாள். வரிசை வரிசையாக இலைகள், குனிந்த தலைகள். உட்கார்ந்திருக்கிறவர்கள் முகத்தையெல்லாம் தேடினாள். அண்ணன் இல்லை. அப்போது கடைசி வரிசையில் சோலைச்சாமியின் பங்காளி ஒருவர், "சாம்பார்! ஏலே, காது செவிடாலே? இங்க ஊத்து!" என்று கத்தினார். வாளியோடு ஓர் ஆள் ஓடி வந்து குனிந்தான். உச்சந்தலை வழுக்கை, கழுத்தில் வெயிலின் கோடுகள். நிமிர்ந்தபோது அவளைப் பார்த்துவிட்டான்.

"மரி!" வாளியைக் கீழே வைத்துவிட்டு, சாம்பார்க் கையோடு அவளை அணைத்துக்கொண்டான். "எவ்வளவு கூட்டம்! எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இரண்டு வரிசை நானே முடித்துவிட்டேன், தெரியுமா?"

பெருமையாகச் சொன்னான். அந்தப் பெருமைதான் அவளைக் கொன்றது. கலிபோர்னியாவில் பின்வாசலில் நிறுத்தியவர்கள், நிறுத்துகிறோம் என்று சொல்லித்தான் நிறுத்தினார்கள். இங்கே உறவு என்று கூப்பிட்டு நிறுத்திவிட்டார்கள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன; அழுகையை விழுங்கிக்கொண்டாள். ஒரு கையில் வாளியைத் தூக்கினாள். இன்னொரு கையால் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தாள். கூடத்தைக் கடந்து, முன்பக்கப் படி வழியாக, சனம் மொத்தமும் பார்க்க மேடைக்கு ஏறினாள். வாளியைச் சோலைச்சாமியின் காலடியில் வைத்தாள்.

"என்னட்டி இது கோலம்?" என்று பல்லைக் கடித்தார் அவர். "மானத்த வாங்காத. அந்த ஆளக் கீழ அனுப்பு."

"அனுப்ப மாட்டேன் மாமா. இவருதான் எம்பொண்ணுக்குத் தாய்மாமன். சாம்பார் ஊத்த வரல, சீர் செய்ய வந்திருக்காரு."

நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை இறக்கினார்.

"ஏ, பேப்பர் இல்லாம வெரட்டி விட்டவன..." என்று சோலைச்சாமி ஆரம்பித்தார். பழக்க தோஷம், சத்தமாகவே ஆரம்பித்துவிட்டார்.

"ஆமா. வெரட்டித்தான் விட்டாவ. இன்னொருத்தரையும் வெரட்டி விட்டாவ. கையில கால்ல சங்கிலி போட்டு அடைச்சு வச்சு, நானே போயிருதேன்னு எழுதி வாங்கிட்டு விட்டாவ. அவருக்கும் பேப்பர் கெடையாது. அவரு காய்ச்சல்ல கெடந்தப்ப சோறு போட்டது இவரு. ஊருக்கு வர டிக்கெட் எடுத்துக் குடுத்தது இவரு. அவரு வந்தப்ப நீங்க ஃப்ளெக்ஸ் அடிச்சு ஆரத்தி எடுத்தீங்க மாமா. இவருக்கு வாளியக் குடுத்தீங்க."

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். குரலைத் தணிக்கவில்லை.

"ஏங்க, இவரு ஒங்களுக்கு யாருன்னு நீங்களே சொல்லுங்க. இல்லன்னு சொன்னா நானும் எம்பொண்ணும் இவருகூட பின்வாசல் வழியா எறங்கிப் போயிருதோம். அந்த வாசல் எங்களுக்குப் பழக்கந்தான்."

பாண்டிச்செல்வம் அப்பனைப் பார்த்தான். இத்தனை வருஷம் சாப்ட்வேராகவும் தியாகியாகவும் தன்னைத் தூக்கி வைத்திருந்த முகம். ரமீரோவைப் பார்த்தான். நடப்பது ஒன்றும் புரியாமல், தன்னால் ஏதோ தப்பு நடந்துவிட்டது போலிருக்கிறது என்று பயந்து, சட்டைக் கறையை மறைத்துக்கொண்டு நின்ற முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் பாண்டிச்செல்வத்துக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எம் மச்சான்" என்றான். "அவ சொன்னதெல்லாம் நெசம். இவரு எம் மச்சான். எம்மவளுக்கு மாமன்."

அவ்வளவுதான். அழகுராஜா அரசியல்வாதி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். மாலையை ரமீரோவின் கையில் கொடுத்து, கேமராவைப் பார்த்து ஒரு தடவை கைதட்டிவிட்டு, ராஜபாளையத்தில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி இறங்கிப் போனார். பாண்டிச்செல்வம் ஓடிப்போய் வண்டியிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்தான். ரமீரோ திறந்தான். சேலை இல்லை. நீலமும் கறுப்பும் கலந்து நெய்த பழைய சால்வை ஒன்று. பாலைவனத்தில் மரிசேலாவை முதுகில் கட்டியிருந்த சால்வை. அம்மா சாகும்போது அவள் மேல் கிடந்ததும் அதுதான்.

"இது சேலையாட்டி?" என்றாள் அங்காளம்மாள்.

"எங்கம்மா துணி அத்த" என்றாள் மாரிசெல்வி. இப்போதுதான் அழுதாள்.

லூபிகா சால்வையை வாங்கிப் பட்டுச்சேலைக்கு மேலே தாவணி மாதிரிப் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள். ரமீரோ மாலை போட்டான். மாலை ஒரு பக்கம் கோணிக்கொண்டது. அங்காளம்மாள் ஆரத்தித் தட்டை எடுத்தாள். இந்தத் தடவை யாரையும் தாண்டி எட்டிப் பார்க்காமல், எதிரே நின்றவன் முகத்துக்கு நேராகச் சுற்றினாள்.

சோலைச்சாமி திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த மாதிரி ஆட்கள் திருந்துவதில்லை. இடம் மாறி உட்காருவார்கள். இரண்டாம் பந்தி முடிவதற்குள்ளேயே தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டு, வாசலில் நின்று, "பாத்தீயளா, அமெரிக்காவுல எம்புட்டு பெரிய ஆளா இருந்தாலும் தானே எறங்கிப் பரிமாறுவாவளாம். என்ன எளிமை! திராட்சத் தோட்டமே இருக்கு அவியளுக்கு" என்று ஆரம்பித்துவிட்டார்.

"தோட்டம் அவரோடது இல்ல மாமா" என்றாள் பின்னால் வந்த மாரிசெல்வி, தாம்பூலம் வாங்க நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "அவரு கூலிக்குத் திராட்ச பறிச்சாரு. ஒங்க மகன் கோழி வெட்டுனாரு."

சோலைச்சாமி அடுத்த பையை எடுத்து அடுத்த ஆளிடம் நீட்டினார். டீக்கடைப் பக்கம் அவர் போவதில்லை இப்போதெல்லாம்.

மறுநாள் அண்ணனும் தங்கையும் மகாராஜபுரத்துக்குப் போனார்கள். மக்காச்சோளம் அறுத்துக் களத்தில் குவிந்து கிடந்தது. ரமீரோ ஒரு கதிரை எடுத்து உரித்து, மணியைக் கடித்துப் பார்த்து, நல்ல சோளம், இதை ஏன் கோழிக்குப் போடுகிறீர்கள் என்று கேட்டான். அவள் அங்கேயே கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி ரொட்டி தட்டினாள். விசா இருக்கிற வரைக்கும் அவன் இருப்பான். அதற்குப் பிறகு எங்கே என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பொழுது இறங்கியது; தை மாசத்துப் பனி சோளத்தைக் கெடுத்துவிடும். மண்டபத்து வாசலிலிருந்து பாண்டிச்செல்வம் அவிழ்த்துக் கொண்டுவந்து போட்டிருந்த ஃப்ளெக்ஸை இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து விரித்துக் குவியலை மூடி, நாலு ஓரத்திலும் கல் வைத்தார்கள். கோட்டு சூட்டுக்காரன் வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி படுத்திருந்தான். அந்தக் குடும்பத்துக்கு அவன் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.